மைத்துளிக்குள் ஒரு கணக்கு

கித்தா தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மங்கில் உள்ள பாலை வாளியில் ஊற்றி முடிக்கும்போது, பால் நூல்போல் மெலிந்து, அறுந்து, கடைசியில் சொட்டாக விழும். ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அந்தத் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால் அந்தச் சொட்டுக்குப் பின்னால் இருக்கும் அதே அறிவியல்தான் இன்று மை அச்சுப்பொறியிலும் வேலை செய்கிறது.

திரவம் ஏன் துளியாக உடைகிறது? மேற்பரப்பு இழுவிசையே காரணம். இங்கிலாந்து அறிஞர் ரேலி பிரபு 1878இல் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார்.

அச்சுப்பொறியில், தலைமுடியைவிட நுண்ணிய துவாரத்திலிருந்து நொடிக்கு ஆயிரக்கணக்கான துளிகள் பாய வேண்டும். ஒரு துளியின் அளவு சில பிக்கோலிட்டர்தான். ஒரு லிட்டரை மில்லியன் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் மில்லியன் பங்காக்கினால் கிடைப்பது 1 பிக்கோலிட்டர்! துளிக்குப் பின்னால் நீளும் வால் தனியே அறுந்து வேறிடத்தில் விழுந்தால், எழுத்தின் ஓரம் கலங்கிவிடும்.

துவாரத்தின் அளவு, மையின் கெட்டித்தன்மை, அதைத் தள்ளும் அழுத்தம் ஆகியவற்றை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் புதிய மாதிரி செய்து சோதித்தால் பணமும் காலமும் கரையும். அந்தச் சோதனையைக் கணினிக்குள்ளேயே நடத்தலாம். மை பாயும் இடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, அடுத்த கணத்தில் மையின் விளிம்பு எங்கே நகரும் என்று கணினி கணக்கிடும். நகரும் விளிம்பைத் தொடரும் இத்தகைய முறை ஒன்றை ஜேம்ஸ் சேத்தியன், ஸ்டான்லி ஓஷர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர்கள் 1988இல் வெளியிட்டனர். எப்சன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து சேத்தியன் அதை மைத்துளிக்குப் பொருத்திய கட்டுரை 2003இல் வந்தது.

கணினி சொல்வது கணிப்புதான். இறுதிச் சோதனை உண்மையான தாளில்தான் நடக்க வேண்டும். ஆனால் தேறாத மாதிரிகளை முன்கூட்டியே கழித்துவிடலாம். காலம் மிச்சமாவது அங்கேதான்.

பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினியை இயக்கத் தெரிவது வேறு. கணினிக்குக் கணக்குச் சொல்லித் தருவது வேறு. பொறியியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் பேராக்கிலேயே ஸ்ரீ இஸ்கண்டாரிலும் கம்பாரிலும் இருக்கின்றன. ஆனால், கடினம் என்று படிவம் 4இல் கூடுதல் கணிதத்தைக் கைவிடும் பிள்ளைக்கு அந்த வாசல் குறுகிவிடும். கைவிடும் முன், ஒருமுறை ஆசிரியரிடம் பேசுங்கள்.