படிக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் கணக்குப் போடுங்கள்!

"நாமும் இன்னும் நாலு எழுத்துப் படித்திருக்கலாமே!" என்று ஒரு தடவையாவது பெருமூச்சு விடாத இல்லத்தரசி உண்டா? பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கும்போது அந்த ஏக்கம் எட்டிப் பார்க்கும். குக்கர் விசில் அடித்ததும் ஓடி ஒளிந்து கொள்ளும்!

இப்போது ஒளிய வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் இருந்தபடியே படிக்க வழிகள் பல இருக்கின்றன. வயது வரம்பு பெரும்பாலும் கிடையாது. எங்கள் பாளையம்பட்டியில் என் தெருவிலேயே மூன்று பேர் படிக்கிறோம். ப்ளஸ் டூவோடு கல்யாணமாகி, பன்னிரண்டு வருடம் கழித்து பி.ஏ. சேர்ந்தவள் நான். அதனால் "எப்படிச் சேருவது?" என்று கேட்டு வருகிற பெண்கள் அதிகம். விண்ணப்பத்தை நிரப்புவது அரை மணி வேலைதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் பெரிய வேலை.

என் மாமியார் தறிக் குடும்பத்தில் பிறந்தவர். நான் சேரப் போகிறேன் என்றதும் அவர் சொன்னது: "பாவு சரியா இருந்தாத்தான் சேலை சரியா வரும். மொதல்ல அதப் பாரு." படிப்புக்குப் பாவு எது? மூன்று விஷயங்கள்: படிப்பின் வரிசை, கையில் உள்ள காகிதங்கள், நம்முடைய நேரம்.

எந்த வாசல் நமக்கு?

கைத்தொழில் கற்று உடனே சம்பாதிக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றது சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் 1901-ல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய ஏற்பாடு இது. நம் பக்கம் 1995-ல் புதுச்சேரியிலும், 1996-ல் சென்னையிலும் வந்தது. தையல், கணினி, நோயாளி பராமரிப்பு போன்ற தொழில்களோடு, நாலு பேர் முன்னால் பேசவும் பழகவும் சொல்லித் தருவதும், வேலையிடத்துக்கே அனுப்பிப் பயிற்சி கொடுப்பதும் இதன் சிறப்பு. ஆனால் நேரில் போய் உட்கார வேண்டும், வருகைப்பதிவு உண்டு. கைக்குழந்தைக்காரர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பட்டம் வேண்டும், தினமும் போக முடியாது என்பவர்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (நாம் 'இக்னோ' என்கிறோம்) 1985-லும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லும் ஏற்பட்டவை. முறையான அங்கீகாரத்தோடு நடக்கும் இத்தகைய தொலைநிலைப் பட்டங்கள் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் மறுபடியும் தெளிவுபடுத்தியிருக்கிறது. "தபால் டிகிரிதானே?" என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் எல்லாப் படிப்பையும் இப்படிப் படிக்க முடியாது. மருத்துவம், பொறியியல், நர்சிங் போன்றவை தொலைநிலையில் அனுமதி இல்லாதவை. 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து உளவியல், உணவு மற்றும் ஊட்டச்சத்துப் படிப்புகளையும் மானியக் குழு தொலைநிலையில் நிறுத்திவிட்டது. பெண்கள் பலர் ஆசைப்படுகிற பாடங்கள் இவை! "வீட்டிலிருந்தே டயட்டீஷியன் ஆகலாம்" என்று யாராவது பட்டப்படிப்புக்குப் பணம் கேட்டால் உஷாராகி விடுங்கள்.

தமிழில் படிக்க விரும்பினால், எந்தெந்தப் பாடத்துக்குத் தமிழ்ப் புத்தகம் உண்டு என்று சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசை தவறினால் பட்டமும் தவறும்

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு முப்பத்தாறு வயது. எட்டாவது முடித்து, ஒன்பதாவதில் பாதியில் நின்றவர். கணவர் தவறிய பிறகு, தார் சுற்றியும் பூக் கட்டியும் இரண்டு பெண்களை வளர்க்கிறார். "எப்படியாவது ஒரு அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிரணும்மா" என்பதுதான் அவர் கனவு.

ஒரு நாள் மஞ்சப்பையோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே சீட்டு எடுத்த பணம். வெளியூர் டியூஷன் சென்டர் ஒன்றில், "பத்தாவதும் வேண்டாம், பன்னிரண்டாவதும் வேண்டாம். நேரா டிகிரியே வாங்கிரலாம். முழுப் பணத்தையும் கட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ரசீது கேட்டதற்கு, "அப்புறம் தர்றோம்" என்றார்களாம்.

"அக்கா, பணத்தை முதல்ல பீரோவுல வைங்க" என்றேன்.

பத்தாவது, பன்னிரண்டாவது தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று தமிழக அரசு 2009-லேயே ஆணை போட்டுவிட்டது. பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசை இருந்தால்தான் செல்லும். அந்தச் சீட்டுப் பணம் போயிருந்தால், வெறும் காகிதத்துக்குப் போயிருக்கும்.

அவருக்கு உண்டான வழி வேறு. எட்டாவது முடித்த சான்று இருப்பதால், பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அதற்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் தேதி அறிவிக்கும். அதன் சேவை மையங்களில் விண்ணப்பம் பதியலாம். முக்கியமான விஷயம் ஒன்று: அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு. அதற்குத் தனியாகப் பெயர் கொடுத்து, சொல்கிற பள்ளிக்குப் போய்ப் பயிற்சி பெற்றால்தான் பரீட்சை எழுத முடியும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பத்தாவதை மட்டும் வைத்தே குரூப் 4 பரீட்சை எழுதலாம் என்று கேட்டதும் அக்கா முகத்தில் வந்த தெளிவைப் பார்க்க வேண்டுமே! தமிழ், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் நான்கிலும் தேறிவிட்டார். கணக்கு மட்டும் பாக்கி. துணைத் தேர்வுக்கு அவருடைய பெரிய பெண்தான் வாத்தியார்!

இனிஷியல் செய்யும் கலாட்டா

அடுத்தது காகிதங்கள். பெண்களுக்கு மட்டுமே உள்ள தலைவலி ஒன்று இதில் உண்டு. மதிப்பெண் பட்டியலில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல்! 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர மானியக் குழுவின் 'டெப்' அடையாள எண்ணும், மதிப்பெண்களைச் சேர்த்து வைக்கும் 'ஏபிசி' எண்ணும் வேண்டும். இவை ஆதாரை ஒட்டி வருபவை. பெயர் ஒத்துப் போகாவிட்டால் விண்ணப்பம் நின்றுவிடும். ஆகவே சேர்க்கை தொடங்கும் வரை காத்திராமல் இப்போதே எல்லாவற்றையும் தரையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழ் பெயரையே எங்கும் கொடுப்பது நல்லது.

மதிப்பெண் பட்டியல் தொலைந்து போயிருந்தால், படித்த பள்ளியில் போய் மாற்றுப் பட்டியலுக்கு எழுதிக் கொடுங்கள். கைக்கு வர மாதக் கணக்கில் ஆகலாம்.

இன்னொன்று, செல்போன் எண். "எங்க வீட்டுக்காரர் நம்பரையே போட்டுருங்க" என்று இ-சேவை மையத்தில் சொல்கிறோம். ஓ.டி.பி. வருகிற நேரத்தில் அவர் மில்லில் இருப்பார். போனோ லாக்கரில் இருக்கும்! பதிவு, தேர்வு விண்ணப்பம், முடிவு எல்லாமே அந்த எண்ணுக்குத்தான் வரும். உங்கள் எண்ணையே கொடுங்கள். மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். கடவுச்சொல்லைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன் நான். யாரும் தேட மாட்டார்கள்!

தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு இக்னோவில் கட்டணச் சலுகை உண்டு. சாதிச் சான்றிதழைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் மட்டும் கட்டி, ரசீதை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

மணியைக் கொஞ்சம் எண்ணுவோமா?

இப்போது சொல்லப் போவதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். பாடங்களுக்கு 'கிரெடிட்' என்று ஒரு அளவு உண்டு. இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஆறு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 180 மணி. அப்படி நான்கு பாடம் எடுத்தால் 720 மணி. வருடத்தின் 365 நாளுக்கு வகுத்தால், தினம் இரண்டு மணி நேரம். கல்யாணம், காய்ச்சல், பொங்கல், பங்குனிப் பொங்கல் எல்லாம் போக, இரண்டே கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டே கால் மணி எங்கிருந்து வரும்? "ராத்திரி தூங்காமப் படிச்சிருவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தூக்கத்தில் கடன் வாங்கினால் தலைவலியாகவும் எரிச்சலாகவும் வட்டி கட்ட வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இது அறவே ஆகாது. ஜனவரி, ஜூலை என வருடத்துக்கு இரண்டு சேர்க்கைகள் நடப்பதால், குழந்தை கொஞ்சம் வளர்ந்த பிறகு அடுத்த சேர்க்கையில் சேருங்கள். வாய்ப்பு ஓடிப் போகாது. மூன்று வருட பி.ஏ.வை ஆறு வருடம் வரை எடுத்துக்கொண்டு முடிக்கவும் இக்னோவில் இடம் உண்டு.

என் கணவருக்கு நூல் மில்லில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். அதனால் எனக்கு ஒரே அட்டவணை ஒத்து வரவில்லை, மூன்று போட்டேன். காலை ஷிப்ட் வாரத்தில் விடியுமுன் சாப்பாடு கட்ட வேண்டும், படிப்பு மதியம்தான். மதிய ஷிப்ட் வாரத்தில் பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் நானும் அவர்களோடு உட்காருவேன். இரவு ஷிப்ட் வாரம் எனக்குப் பொற்காலம்! அவர் பகலில் தூங்குவதால் டி.வி. சத்தம் இருக்காது, வாசலில் வம்பு பேச யாரும் வர மாட்டார்கள்.

குழாயில் தண்ணீர் வருகிற நாளில் படிப்பே கிடையாது. குடத்தோடு நிற்கிறபோது இலக்கணம் ஏறுமா? எங்கள் வறண்ட பூமியில் அந்த நாளையும் கணக்கில் சேர்த்துத்தான் அட்டவணை போட வேண்டும்.

அட்டவணை போட்டதும் பணம் கட்டிவிடாதீர்கள். பிள்ளையின் பாடப் புத்தகத்தையோ நூலகப் புத்தகத்தையோ வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் அந்தப்படி நடந்து பாருங்கள். பத்து நாளாவது உட்கார முடிந்தால் தாராளமாகச் சேரலாம். முடியாவிட்டால் பாடத்தைக் குறைக்க வேண்டும்; அல்லது வீட்டு வேலையைப் பங்கு போட வேண்டும்.

பங்கு போடுவதை வீட்டாரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நேரடி வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் வரும். ஞாயிறுதானே கறி எடுக்கிற நாள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள்! "மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை நான் இருக்க மாட்டேன். யார் சமைக்கிறது?" என்று சேருமுன்பே கேட்டேன். கணவர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் அவரையே திருப்பிப் பார்த்து, "நீதான்" என்றார். இப்போது அவர் வைக்கும் குழம்பில் உப்பு மட்டும்தான் தகராறு.

ஏட்டுப் பாடங்களுக்கு இந்த வகுப்புகள் பொதுவாகக் கட்டாயம் இல்லை. செய்முறை உள்ள பாடங்களுக்குக் கட்டாயம். படிப்பு மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வீட்டிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும், மாலையில் கடைசி பஸ் எப்போது என்று பாருங்கள். எங்களுக்கு அருப்புக்கோட்டை நடக்கிற தூரம். மதுரை என்றால் ஒரு பகல் போய்விடும்.

காலண்டரில் வட்டம் போட வேண்டியவை

* ஒப்படைப்பு தேதி: வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கும் கட்டுரைகள் இவை. இக்னோவின் பி.ஏ. பாடங்களில் இதற்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம் மதிப்பெண். பிள்ளைகளின் பரீட்சை சமயத்தில் வந்து சேரும்; முன்கூட்டியே முடித்து விடுங்கள்.

* தேர்வு விண்ணப்பத் தேதி: சேர்க்கைக் கட்டணம் கட்டியதாலேயே தேர்வு எழுதிவிட முடியாது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். இக்னோ தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும்.

* மறுபதிவுத் தேதி: அடுத்த வருடப் பாடங்களுக்கு மறுபடி பதிய வேண்டும். இக்னோவில், முதல் வருடத் தேர்வில் ஒன்றிரண்டு விட்டுப் போனாலும் இதைச் செய்யலாம். தேதியை விட்டால்தான் ஆறு மாதமோ ஒரு வருடமோ வீணாகும்.

இந்த மூன்றையும் சமையலறைக் காலண்டரிலேயே குறியுங்கள். சிலிண்டர் வந்த தேதியும் பால்காரர் கணக்கும் இருக்கிற அதே இடத்தில் உங்கள் படிப்பும் இருக்கட்டும். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். "அம்மா, நாளைக்கு உனக்குக் கடைசி நாள்!" என்று பிள்ளைகளே ஞாபகப்படுத்துவார்கள்.

சேர்க்கை அறிவிப்பு வருகிற வரை சும்மா இருக்க வேண்டாம். இன்று மதியமே டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பெயரைச் சரி பாருங்களேன்!