தாத்தாவின் துப்பாக்கி

குமராட்சியில் எங்கள் இல்லத்தில் தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. உரிமம் இப்போது அப்பாவின் பெயரில். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலில் ஓட்டுக்கூரை சரிந்து அதன் கட்டை பிளந்தது. நனைந்த குழல்களில் துரு ஏறியது.

சென்ற ஆண்டு, "நம் தச்சரிடமே கொடுத்து ஒட்டிவிடலாமே அப்பா" என்றேன். அப்பா தடுத்தார். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டுமாம்.

காரணம் எளிது. மருந்து எரியும்போது பிறக்கும் வாயுவின் அழுத்தத்தைக் குழலின் சுவரே தாங்குகிறது. துரு தின்ற குழியைத் தேய்த்து மறைக்கலாம். இழந்த வலு திரும்பாது. சுட்டால் குழல் வெடித்துக் கையே போகலாம்.

உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர், "கட்டையை ஒட்டித் தருகிறேன், குழலை நம்பாதீர்கள்" என்றார்.

தாத்தாவின் கைபட்டுத் தேய்ந்த பிடி அப்படியே இருக்கிறது. இனி அது சுடாது. எங்களுக்கு அதுவே போதும்.