தொடுதிரையும் பல திரைக் கணனியும்

கண் காணும் இடத்திலேயே கை படுதலும், கை பட்ட இடத்திலேயே காரியம் நிகழ்தலும் தொடுதிரையின் சிறப்பாகும். இங்கிலாந்தின் மால்வேன் நகரிலிருந்த அரச இறேடார் நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜோன்சன் என்பார் 1965ஆம் ஆண்டில் தொடுதிரை ஒன்றனை விவரித்து எழுதியபோது, வான்வழிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்கு அது பயன்படும் என்று கருதினார். அத்தகைய பணியில் விரல் ஓரிடத்திலும் விளைவு வேறோரிடத்திலும் ஆகுமாயின் பயனின்மை மட்டுமன்றிக் கேடும் விளையும். ஒரு கணனியோடு திரைகள் பல இணைக்கப்படும்போது இப்பிழையே அடிக்கடி நேர்கின்றது. அதன் காரணத்தையும் அதனை நீக்கும் முறையையும் ஈண்டு நோக்குவாம்.

தொடுதிரை ஒரு பொருள்போலத் தோன்றினும் இரண்டு கருவிகளின் சேர்க்கையேயாம். உருவைக் காட்டுவது ஒன்று. விரலை உணர்வது மற்றொன்று. மேசைக் கணனிகளிற் பெரும்பாலும் படம் ஒரு வடத்தின் வழியே திரைக்குச் செல்ல, தொடுகை யூ.எஸ்.பி. எனப்படும் வேறொரு வடத்தின் வழியே கணனிக்கு வருகின்றது. உணரும் கருவி தன் பரப்பை மட்டுமே அறியும். இடவோரத்திலிருந்து இத்தனை பங்கு, மேலோரத்திலிருந்து இத்தனை பங்கு என்று அது கூறுமேயன்றி, எத்திரையில் என்று கூறுவதில்லை.

கணனியோ திரைகள் யாவற்றையும் ஒரே ஆள்கூற்றுத் தளமாகக் கொள்கின்றது. அகலம் 1920, உயரம் 1080 புள்ளிகள் உடைய இரு திரைகள் அருகருகே உள்ளன என்றும், வலப்புறத்தது மட்டும் தொடுதிரை என்றும் கொள்வோம். தளத்தின் முழு அகலம் 3840 புள்ளிகள். தொடுதிரையின் நடுவிலே விரல் வைக்கப்பட்டால் கருவி “அகலத்தில் 1/2” என்று அறிவிக்கும். அது முழுத் தளத்தின் அரைப்பங்காகக் கொள்ளப்படின் சுட்டி 1920ஆம் புள்ளியில், அஃதாவது இரு திரைகளும் சந்திக்கும் எல்லையில், நிற்கும். இடப்புறத்து முதன்மைத் திரையின் அரைப்பங்காகக் கொள்ளப்படின் 960ஆம் புள்ளியில் நிற்கும். நிற்கவேண்டிய இடமோ 2880 ஆகும்.

விண்டோஸ் முறைமையில் இதனைத் திருத்துதல் எளிது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் ‘டப்லெற் பிசி செற்றிங்ஸ்’ என்னும் பகுதியைத் திறந்து, ‘செற்அப்’ என்பதை அழுத்தித் தொடுகை உள்ளீட்டைத் தெரிதல் வேண்டும். உடனே ஒரு திரையில் அறிவித்தல் தோன்றும். அது தொடுதிரையாயின் அதனைத் தொடுதல் வேண்டும். அன்றாயின் ‘என்ரர்’ விசையை அழுத்த, அறிவித்தல் அடுத்த திரைக்குச் செல்லும்.

லினக்ஸ் கணனிகளில் எக்ஸ் சாளர முறையிலே ‘எக்ஸ்இன்புற்’ என்னும் ஏவல் இதே பணியைச் செய்கின்றது. தொடுகருவியின் பெயரையும் திரையின் பெயரையும் கொடுத்தால், மூன்று நிரைகளும் மூன்று நிரல்களும் கொண்ட தாயம் ஒன்றை அது அமைக்கும். மேற்கூறிய உதாரணத்தில் அத்தாயத்தின் முதல் நிரை 0.5, 0, 0.5 ஆகும். முதல் 0.5 தொடுகையின் அகலத்தைத் தளத்தின் பாதியாகச் சுருக்குகின்றது, இறுதி 0.5 அதனை வலப்புறப் பாதிக்கு நகர்த்துகின்றது. நடுவிலே தொட்டால் 0.5 × 0.5 + 0.5 = 0.75, 3840இல் முக்காற்பங்கு 2880. இரண்டு ஆள்கூறுகளுக்கு மூன்று நிரல்கள் எதற்கெனின், பெருக்கலால் மட்டும் உற்பத்திப் புள்ளியை நகர்த்த இயலாது; கூட்டவேண்டிய எண்ணுக்கு இடமளிப்பது மூன்றாம் நிரலேயாம். இவ்வமைப்பு கணனியை மீள இயக்கும்போது மறைந்துவிடுமாதலின், ஒவ்வொரு முறையும் தானே நிகழும்படி ஏவலை எழுதி வைத்தல் வேண்டும்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் தகும். விரலுக்கும் சுட்டிக்கும் இடையே சிறு விலகல் மட்டும் இருப்பின் வேண்டுவது ‘கலிபிறேற்’ எனப்படும் அளவுதிருத்தம். சுட்டி வேறு திரைக்கே சென்றுவிடின் அளவுதிருத்தம் எத்தனை முறை செய்யினும் பயனில்லை. திரையைச் சுட்டிக்காட்டுதலே மருந்து.

இத்தொல்லைக்கு அஞ்சி, வகுப்பறையில் இரு திரைகளிலும் ஒரே படம் தோன்றுமாறு அமைப்போர் உளர். அவ்வாறு செய்யின் சுட்டி பிழையாது என்பது உண்மையே. எனினும் ஆசிரியர் தம் திரையிலே திறக்கும் புள்ளிப் பதிவேடும் வினாத்தாளும் அக்கணமே மாணாக்கர் அனைவர் கண்ணுக்கும் புலனாகும். ஒரு மாணவன் பெற்ற குறைந்த புள்ளிகள் வகுப்பின் முன்னே சுவரில் விரிதல் அவனுக்கு இழைக்கும் தீங்கு சிறிதன்று. ஆதலின் திரைகளை வெவ்வேறாக வைத்து, தொடுகையை உரிய திரையோடு பிணைத்து, நான்கு மூலைகளிலும் தொட்டுச் சரிபார்த்த பின்னரே பாடத்தைத் தொடங்குதல் நன்று. அதற்கு வேண்டுவது சில நிமிடங்களே.