மாவட்டம் பிரிந்தால் கோப்பில் என்ன மாறும்?

தென்னார்க்காட்டிலிருந்து 1993 செப்டம்பர் 30 அன்று பிரிந்து உருவான விழுப்புரம் மாவட்டம், 2019 நவம்பர் 26 அன்று மீண்டும் பிரிக்கப்பட்டது. அப்போது உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர், சங்கராபுரம் முதலிய ஊர்கள் புதிய கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்குச் சென்றன. திண்டிவனம் பழைய மாவட்டத்திலேயே நீடித்தது. இத்தகைய மாற்றத்தின்போது, ஊர்ப்பட்டியலைக் கொண்டு இயங்கும் இணையதளங்களும் செயலிகளும் தம் தரவைத் திருத்தியாக வேண்டும்.

அத்தரவைச் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் வடிவம் ஜேசன் ஆகும். டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2001இல், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் எழுத்துமுறையிலிருந்து எடுத்து இதனை வகுத்தார். இதில் ஒவ்வொரு மதிப்பும் அதற்குரிய பெயருடன், அதாவது விசையுடன், இணைத்து எழுதப்படுகிறது:

{"ஊர்": "விழுப்புரம்", "மாவட்டம்": "விழுப்புரம்", "தொலைபேசிக் குறியீடு": "04146"}

கோப்பில் இருப்பது வெறும் எழுத்துத் தொடரே என்பதால், நிரல் முதலில் அதனைப் படித்து, 'பார்ஸ்' என்னும் செயற்கூறின் வழியாக, விசையைச் சொல்லி மதிப்பைப் பெறத்தக்க பொருளாக நினைவகத்தில் அமைத்துக்கொள்கிறது. மதிப்பை அங்கே மாற்றியபின், 'ஸ்ட்ரிங்கிஃபை' என்னும் செயற்கூறு அப்பொருளை மீண்டும் எழுத்துத் தொடராக்குகிறது. அதனைக் கோப்பில் எழுதிச் சேமிக்கும் வரை வட்டில் உள்ள கோப்பு சிறிதும் மாறுவதில்லை. இவ்விரு செயற்கூறுகளும் 2009இல் வெளியான ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையில் இடம்பெற்றன. இணைய உலாவியில் இயங்கும் நிரல் வழங்கியிலுள்ள கோப்பைப் படிக்க இயலுமே தவிர, தானாக அதைத் திருத்த இயலாது. அப்பணியை வழங்கியில் இயங்கும் நோட்.ஜேஎஸ் போன்ற சூழலே செய்கிறது.

'விழுப்புரம்' என்று வருமிடமெல்லாம் 'கள்ளக்குறிச்சி' என மாற்றினால் போதாதா என்ற கேள்வி எழலாம். அவ்வாறு செய்தால் திண்டிவனமும் மாவட்டம் மாறிவிடும், விழுப்புரம் நகரோ தன் பெயரையே இழந்துவிடும். 'ஊர்' என்னும் விசையின் மதிப்பு உளுந்தூர்பேட்டையாக உள்ள பதிவைத் தேடி, அதன் 'மாவட்டம்' என்னும் மதிப்பை மட்டும் மாற்றுவதே சரியான முறை. ஒரே பெயர் எங்கே நகரைக் குறிக்கிறது, எங்கே மாவட்டத்தைக் குறிக்கிறது என்பதை விசையே தெளிவாக்குகிறது.

தொலைபேசிக் குறியீடு மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஜேசன் விதிப்படி எந்த முழு எண்ணும் சுழியத்தை முன்னே வைத்துத் தொடங்கக் கூடாது. ஆகவே திண்டிவனத்தின் 04147 என்பதைக் குறிகளின்றி எழுதினால், 'பார்ஸ்' பிழை காட்டி அக்கோப்பு முழுவதையும் ஏற்க மறுத்துவிடும். சுழியத்தை நீக்கி எழுதினாலோ குறியீடே தவறாகிவிடும்.

நிர்வாக எல்லைகள் இனியும் மாறக்கூடும் என்பதால், ஊர்ப்பெயர்களை நிரலுக்குள் புதைக்காமல் தனிக்கோப்பில் வைப்பதும், திருத்துமுன் பழைய கோப்பின் படியொன்றைப் பாதுகாப்பதும் தரவைக் கையாளும் ஒவ்வொருவரும் தவறாது கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளாகும்.