குறி வான்கோழிக்கு, சூடு காகிதத்துக்கு

ஷாட்கன்னுக்குக் குறி சுத்தமாக இருக்க வேண்டியதில்லை, அந்தப் பக்கமாகத் திருப்பி விசையை இழுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சினிமா செய்த வேலை. அமெரிக்காவில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள், வசந்த கால சீசன் தொடங்கும் முன்பே பெரிய காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு சுடுதளத்துக்குப் போவார்கள். துப்பாக்கியின் பேட்டர்ன் பார்க்க, அதாவது தோட்டாவிலிருந்து கிளம்பும் ஈய ரவைகள் எங்கே, எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்க்க.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? எட்டு, பத்து கிலோ எடையுள்ள ஆண் வான்கோழியின் உடம்பு முழுக்க அடுக்கடுக்கான இறகு. அதற்குள் தடித்த நெஞ்சுச் சதை. அங்கே படும் ரவை பறவையை உடனே வீழ்த்தாது. அடிபட்ட பறவை ஓடிப்போய் எங்கோ புதரில் கிடந்து சாகும். ஆகவே குறி தலையும் கழுத்தும் மட்டும்தான். அந்த ஒடுங்கிய இடத்தில் நாலைந்து ரவைகளாவது சேர்ந்து பட வேண்டும்.

12 போர் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். (ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுதான் அதன் குழலின் உள்விட்டம். பழங்காலக் கணக்கு, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.) வான்கோழிக்கு ஈயத்தில் 4, 5, 6 எண் ரவைகளைப் போடுவார்கள். எண் கூடக்கூட ரவை சிறுக்கும். 17-லிருந்து எண்ணைக் கழித்தால் விட்டம் நூறில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் வந்துவிடும். 5-ஆம் எண் 0.12 அங்குலம், சுமார் 3 மில்லிமீட்டர். அவுன்ஸுக்கு ஏறத்தாழ 170 ரவை. ஒன்றே முக்கால் அவுன்ஸ் தோட்டா என்றால் 300-ஐ நெருங்கும்.

இந்த முந்நூறும் பரவிச் சிதறாமல் கட்டுக்குள் வைப்பது சோக். குழலின் வாயில் திருகி மாட்டும் சிறு உலோகக் குழாய் அது. உள்ளே லேசாகக் குறுகியிருக்கும். பொதுவான ‘ஃபுல்’ சோக்கில் அந்தக் குறுக்கம் அங்குலத்தில் நூறில் மூன்றரைப் பங்குதான். வான்கோழிக்கென்றே விற்பவை இன்னும் இறுக்கம். இறுக்கம் கூடினால் நெருக்கமும் கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஓர் அளவுக்கு மேல் போனால் மென்மையான ஈயம் நசுங்கி, நசுங்கிய ரவைகள் கோணல்மாணலாகப் பறந்து நடுவில் ஓட்டை விழும். ஒரே நிறுவனத்தின், ஒரே மாதிரித் துப்பாக்கிகள் இரண்டுக்குப் பிடித்த தோட்டா வேறு வேறாக இருப்பதும் சகஜம். தோட்டாப் பெட்டியில் அச்சடித்திருப்பதை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது.

அதற்குத்தான் காகிதம். மூன்றடிக்கு மூன்றடித் தாளின் நடுவில் ஒரு புள்ளி. 40 கஜத்தில் நிறுத்தி, துப்பாக்கியை மணல் மூட்டையில் தாங்கிச் சுடுவார்கள். பிறகு துளைகள் எங்கே மிக அடர்த்தியோ அங்கே 10 அங்குல வட்டம் போட்டு, மார்க்கரால் ஒவ்வொரு துளையாகத் தொட்டு எண்ணுவார்கள். நூறு தேறினால் நல்ல பேட்டர்ன் என்பது பலர் வைத்திருக்கும் அளவுகோல். வட்டத்தின் நடு, குறி வைத்த புள்ளியிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால் எண்ணிக்கை நூற்றைம்பதே ஆனாலும் பயனில்லை. முதலில் குறிமணியை (குறிபார்க்கக் குழலின் மேல் இருக்கும் சிறு மணி) சரிசெய்ய வேண்டும். ஒரு சூட்டை நம்பாமல் மூன்று தாளாவது பார்ப்பது நல்லது.

என்னைக் கேட்டால், மிரட்டும் தாள் 40 கஜத்துத் தாள் அல்ல. 10 கஜத்துத் தாள். இறுக்கமான சோக்கில் அங்கே ரவைகள் எல்லாம் சேர்ந்து ஒரு சாத்துக்குடி அளவு கிழிசலாக விழுந்திருக்கும். நடக்கும்போது முன்னும் பின்னும் ஆடும் தலைக்கு அந்தச் சாத்துக்குடியை எறிய வேண்டும். பக்கத்தில் வந்த பறவையை வேட்டைக்காரர்கள் கோட்டைவிடுவது இப்படித்தான்.

இப்போது டங்ஸ்டன் ரவை வந்திருக்கிறது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், இது 18 கிராம். அதனால் 2 மில்லிமீட்டர் பொடி ரவையே பெரிய ஈய ரவையின் வேலையைச் செய்துவிடும். தோட்டாவில் எண்ணிக்கையும் கூடும். ஒரு தோட்டாவுக்கே பல டாலர் ஆவதால் காகிதத்தில் சுட மனம் வராது. குறிமணியை ஓரளவு சரிசெய்ய மலிவான, உதைப்புக் குறைந்த தோட்டா போதும். ஆனால் காட்டுக்கு எடுத்துப்போகும் தோட்டாவையே கடைசியில் சுட்டுப் பார்த்தாக வேண்டும். கடினமான இந்த ரவைக்கு எல்லா சோக்கும் ஒத்துவராது, குழலே கெடலாம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

40 கஜத்தில் அறுபது துளை, 30-இல் நூற்றுப்பத்து என்று தாள் சொன்னால் அந்தத் துப்பாக்கிக்கு எல்லை 30. அதிகாலை இருட்டில் மரத்தடியில் உட்காரும் வேட்டைக்காரர் அந்தத் தொலைவில் ஒரு கட்டையை அடையாளம் பார்த்து வைத்துக்கொள்கிறார். பெட்டைபோலக் குரல் கொடுத்ததும் ஆண் தோகை விரித்து, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு வருகிறது. கட்டையைத் தாண்டட்டும் என்று காத்திருந்து, ஒருமுறை சன்னமாகக் கொக்கரிக்கிறார். என்ன சத்தம் என்று பார்க்க அது கழுத்தை நீட்டுகிறது.