ஒரே ஆட்கள், இரண்டு பட்டியல்கள்

மான்செஸ்டர் ஆலைகளுக்குப் பிழைப்பு தேடி ஆட்கள் வந்தார்கள். அந்தமானுக்கு ஆட்கள் தண்டனையாக வந்தார்கள். ஆலை பிறகு வந்தது. 1858இல் தொடங்கிய கைதிகள் குடியிருப்பின் கட்டடத் தேவைக்காக, 1883இல் போர்ட் பிளேரை ஒட்டிய சாத்தம் தீவில் ஆங்கிலேய அரசு மர அறுவை ஆலையை நிறுவியது. மரம் வெட்டியவர்கள் கைதிகள். கட்டைகளை இழுக்க யானைகள். விரைவிலேயே செந்நிறப் படாக் மரம் லண்டன் வரை போயிற்று.

வியாபாரம் பெருகியதும் கைதிகள் போதவில்லை. 1918 முதல் சோட்டா நாக்பூரின் ஒராவோன், முண்டா, காரியா பழங்குடியினரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். ஆளெடுத்த ஊரின் பெயரே அவர்களுக்குச் சாதிப் பெயர் போல ஒட்டிக்கொண்டது: ‘ராஞ்சி’கள். ஒப்பந்தம் முடிந்தும் பலர் திரும்பவில்லை. காட்டோரம் நிலம் திருத்திக் குடியேறினார்கள்.

ஜார்க்கண்டில் இவர்களுடைய உறவினர்கள் பட்டியல் பழங்குடியினர். தீவுகளின் பட்டியலிலோ அந்தமானியர், ஜாரவா, ஓங்கே, சென்டினலியர், ஷோம்பென், நிக்கோபாரியர் மட்டுமே. ராஞ்சிகளின் கோடரி விழுந்ததும் அந்த ஜாரவாக்களின் காட்டில்தான். லாபம் இரு தரப்புக்கும் இல்லை.

2002இல் உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. சாத்தம் ஆலையை இப்போது சுற்றுலாப் பயணிகள் சுற்றிப் பார்க்கிறார்கள். பழங்குடி அந்தஸ்து கேட்கும் ராஞ்சிகளின் கோரிக்கைக்கும் வயதாகிவிட்டது.