முதல் 24 மணி நேரம்

கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட ஏ. குகன், 2009 ஜனவரி 20 அன்று சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றது முதல் சவப் பரிசோதனை. குடும்பத்தார் விடவில்லை. செர்டாங் மருத்துவமனைச் சவக்கிடங்குக்குள் புகுந்து காயங்களைப் படமெடுத்தார்கள். இரண்டாவது பரிசோதனை கேட்டு வாங்கினார்கள். அடிபட்டதில் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது அப்போதுதான் வெளிவந்தது. 2013இல் உயர் நீதிமன்றம் 801,700 வெள்ளி இழப்பீடு விதித்தது. அந்தப் படங்கள் இல்லாவிட்டால்?

போலீசை யார் தட்டிக் கேட்பது? அமெரிக்காவில் ஓர் ஊர்ப் போலீசின் நடைமுறையே தவறென்றால் மத்திய நீதித் துறை வழக்குத் தொடுக்கலாம். 1994 முதல் அதற்குச் சட்டம் உண்டு. இங்கே மலேசியாவில் போலீசே கூட்டரசுடையது. மேலிருந்து கேட்க இன்னோர் அரசு கிடையாது. 2005இல் அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது, போலீஸ் மீதான புகார்களையும் முறைகேடுகளையும் கவனிக்கும் சுயேச்சை ஆணையமான ஐபிசிஎம்சி. 2023 ஜூலை 1இல் நமக்கு வாய்த்ததோ போலீஸ் நடத்தை ஆணையமான ஐபிசிசி. அது விசாரிக்கும், தண்டிக்காது. முடிவைப் போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்பிவைக்கும். லோக்காப்பைப் பார்க்கவும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லிவிட்டுப் போனால் தரை கழுவித்தானே இருக்கும்!

ஆகவே குடும்பம்தான் விழித்திருக்க வேண்டும். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு. விசாரணைக்கு முன்பே உறவினருக்குத் தகவல் சொல்லும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது. ஏட்டில் இருப்பது நிலையத்தில் நடக்குமா? 2009 மே மாதம் பிரிக்பீல்ட்ஸ் நிலையத்தில், கைதானவர்களைப் பார்க்கப் போன 5 வழக்கறிஞர்களையே உள்ளே வைத்தார்கள். அது உரிமை மீறல் என்று பிறகு மனித உரிமை ஆணையமான சுஹாக்காம் சொன்னது.

ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது நீதிமன்றத்தில் இருங்கள். அடிபட்டிருந்தால் மாஜிஸ்திரேட்டிடமே சொல்லச் சொல்லுங்கள். குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையான ஒய்பிஜிகேயின் வழக்கறிஞர் இலவசம். மாஜிஸ்திரேட் விடுவித்தாலும் ஆளைக் கையோடு அழைத்துப் போங்கள்: 2017 பிப்ரவரியில் எஸ். பாலமுருகனுக்கு ரிமாண்ட் மறுக்கப்பட்டது. ஆனாலும் போலீஸ் விடவில்லை, அன்றிரவே வட கிள்ளான் நிலையத்தில் இறந்தார்.

வெளியே வந்ததும் முதலில் அரசு மருத்துவமனை, பிறகு போலீஸ் புகார். அதன் நகலோடு ஐபிசிசி, சுஹாக்காம் இரண்டுக்கும் எழுதுங்கள். "உள்ளே ஆள் இருக்கிறது, பேசி முடித்துத் தருகிறேன்" என்று வருபவரிடம் காசு கொடுக்காதீர்கள். இழப்பீட்டு வழக்கை 36 மாதங்களுக்குள் போட வேண்டும். ஐபிசிசி பதிலுக்குக் காத்திருந்தாலும் அந்தக் கெடு நிற்காது.